காப்பர் டி, பாவசங்கீர்த்தனம், இரண்டு அட்டைப் பச்சைப் பொட்டு

கருத்தடைக்காகக் கர்ப்பப்பைக்குள் வைக்கும் காப்பர் டி-யை எடுக்க நான் மூன்று தடவை வீணாக அலைந்தேன். வைப்பதற்கு ஒரு தடவைகூட அலையவில்லை. இரண்டாவது சிசேரியன் நடந்த மேசையிலேயே வைத்துவிட்டார்கள். "குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் வேண்டாம்னா இதையாவது வச்சுக்கோங்க" என்று முந்தின நாளே கையெழுத்து வாங்கியிருந்தார்கள். பத்து வருஷம் இருக்கும் என்றார்கள். மூன்றாவது வருஷமே எடுக்கச் சொல்லிப் போய் நின்றேன்.

அம்மா தவறிய பிறகு, போன தவக்காலத்தில் ஐந்து நாள் தியானத்துக்குப் போனேன். அதுவரை நான் ஞாயிறு பூசைக் கிறிஸ்தவள்தான். தியானத்தில் பல வருஷம் கழித்து முழுசாகப் பாவசங்கீர்த்தனம் செய்தபோது, அதாவது பாவங்களைக் குருவிடம் சொன்னபோது, காப்பர் டி-யும் வாயில் வந்துவிட்டது. செயற்கைக் கருத்தடை கூடாது என்பது திருச்சபையின் போதனை. "அதை எடுத்துருங்கம்மா, அப்புறம் நற்கருணை வாங்கலாம்" என்றார் சாமியார். எனக்குப் பின்னால் முப்பது பேர் வரிசையில் நின்றார்கள். எடுத்த பிறகு என்ன செய்வது என்று கேட்க நேரமில்லை.

வீட்டுக்கு வந்து, என் வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே சொன்னேன். நான் செய்த முதல் தப்பு அது. இத்தனைக்கும் அவர் கோயிலில் வாசகம் வாசிப்பவர், அன்பியம் என்கிற பங்குச் சிறு குழுவில் பொறுப்பில் இருப்பவர். "எடுக்கணும்னா எடு. ஆனா அப்புறம் ஆபரேஷன் பண்ணிக்கணும், இல்லைன்னா நான் ஆணுறை போட்டுக்கணும். வேற பேச்சே கிடையாது" என்றார். இரண்டும் கூடாது என்றேன். தட்டில் கையைக் கழுவிவிட்டு எழுந்தவர் பதினெட்டு நாள் பேசவில்லை.

அந்த நாட்களில் ஞாயிறு பூசைதான் பெரிய கஷ்டம். அவர் வாசகம் வாசித்துவிட்டு நற்கருணை வாங்கப் போவார். நான் சின்னவனை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சிலேயே இருப்பேன். மூன்றாவது வாரம் பின் வரிசை அக்கா தோளைத் தட்டி, "என்ன பிள்ள, உடம்புக்கு முடியலையா?" என்றார்.

சரி, ஆஸ்பத்திரிக் கதைக்கு வருகிறேன். முதல் தடவை, "வீட்டுக்காரர் வந்து கையெழுத்துப் போடணும்" என்று நர்ஸ் திருப்பி அனுப்பினார். அப்படி ஒரு விதியே இல்லை என்று பின்னால் வேறொரு டாக்டர் சொன்னார். உங்களிடமும் கேட்டால் தயங்காமல் டாக்டரைப் பார்க்கணும் என்று சொல்லுங்கள். இரண்டாவது தடவை, காப்பர் டி-யின் நூல் தெரியவில்லை, ஸ்கேன் எடுத்து வா என்றார்கள். சிசேரியனோடு வைத்தால் நூல் மேலே சுருண்டுகொள்வது சகஜமாம். மூன்றாவது தடவை ஸ்கேனோடு போனால் டாக்டர் லீவு. நான்காவது தடவை இரண்டே நிமிஷத்தில் வந்துவிட்டது. அந்த டாக்டர் சொன்ன ஒன்றை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை: எடுப்பதற்கு முந்தின ஏழு நாள் சேர்ந்திருக்கக் கூடாது. விந்தணு சில நாள் உள்ளே உயிரோடிருக்கும், அதற்குள் காப்பர் டி-யை எடுத்தால் கரு உண்டாகலாம். எங்கள் வீட்டில்தான் பேச்சே இல்லையே, அந்தக் கவலை வரவில்லை.

எடுத்தாயிற்று. அடுத்து? கரு தங்கும் நாட்களைக் கண்டுபிடித்து விலகியிருக்கும் இயற்கை முறையைக் கற்றுக்கொள்ளணும். திருமணத் தயாரிப்பு வகுப்பில் ஒரு அரை மணி நேரம் இதைச் சொன்னார்கள்தான். நாங்கள் எல்லோரும் தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டிருந்தோம். பங்குத்தந்தை மறைமாவட்டக் குடும்பப் பணிக்குழுவைக் கேட்கச் சொன்னார். போனில் கேட்டால், சொல்லிக்கொடுத்த சிஸ்டர் மாற்றலாகிவிட்டார், பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு மையம் உண்டு என்றார்கள். ஒரு சனிக்கிழமை தூத்துக்குடியிலிருந்து பஸ் ஏறிப் போனேன். அங்கே தையல் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. திரும்பி வரும்போது எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. கூடாது என்று சொல்ல எல்லா இடத்திலும் ஆள் இருக்கிறது. எப்படி என்று சொல்லித்தர ஒருத்தரைத் தேடி ஒரு மாசம் அலைய வேண்டியிருக்கிறது.

கடைசியில் தையல் டீச்சர்தான் வழி காட்டினார். கன்னியர் மடத்து டிஸ்பென்சரியில் நர்ஸாக இருந்து ஓய்வுபெற்ற ஒரு சிஸ்டர், இரண்டு தடவை உட்காரவைத்து பில்லிங்ஸ் முறையைச் சொல்லித் தந்தார். மெல்போர்னில் ஒரு டாக்டர் 1953-ல் தொடங்கி, பிறகு டாக்டரான அவர் மனைவியும் சேர்ந்துகொண்ட ஆராய்ச்சியாம். பிறப்புறுப்பில் கசியும் திரவத்தைக் கவனித்து, வறண்ட நாள், ஈர நாள், வழுவழுப்பு என்று தினமும் ராத்திரி குறிக்கணும். வழுவழுப்பு தெரியும் கடைசி நாளுக்குப் பிறகு மூன்று நாள் விட்டு, நான்காம் நாளிலிருந்து பயமில்லை. கற்றுக்கொள்ளும் முதல் சில வாரம் சேர்ந்திருக்கக் கூடாது. அட்டவணையில் ஒட்டும் ஸ்டிக்கர் சிஸ்டரிடம் தீர்ந்துபோயிருந்தது. நான் பொட்டு அட்டை வாங்கினேன். மாதவிலக்குக்குச் சிவப்பு, வறண்ட நாளுக்குப் பச்சை, கரு தங்கக்கூடிய நாளுக்கு வெள்ளைக் கல் பொட்டு. அலமாரிக் கதவின் உள்பக்கம் அட்டவணையை ஒட்டிவைத்தேன். "காலண்டருக்கு ஏன் பொட்டு வைக்கிற?" என்று அத்தை கேட்டார். பால் கணக்கு என்று சொல்லிவைத்தேன்.

வீட்டுக்காரரை வழிக்குக் கொண்டுவந்தது நான் இல்லை. ஓய்வுபெற்ற ஒரு வயசான சாமியாரிடம் போக நினைத்து, "வாதாட வரவேண்டாம், வண்டி ஓட்ட மட்டும் வாங்க" என்றேன். சாமியார் என்னை விட்டுவிட்டு அவரைப் பார்த்து, "நீங்க எதுக்குத் தம்பி பயப்படுறீங்க?" என்றார். அப்போதுதான் வீட்டுக்காரர் சொன்னார். இரண்டாவது பிரசவத்தில் ரத்தம் போனபோது கையில் சீட்டைக் கொடுத்து இரண்டு யூனிட்டுக்கு ஆள் பிடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். ராத்திரி பதினொரு மணிக்குத் தாழ்வாரத்தில் நின்று ஒவ்வொருத்தருக்காகப் போன் பண்ணினாராம். நான் உள்ளே படுத்திருந்தேன், எனக்கு ஒன்றும் தெரியாது. மூன்று வருஷமாக அவரும் சொல்லவில்லை. அவர் சோம்பல் படுகிறார், விசுவாசம் இல்லை என்றெல்லாம் நினைத்து நான் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தேன்.

போப் ஆறாம் பவுல் 1968-ல் எழுதிய சுற்றுமடலில் பத்தாம் எண்ணையும் பதினாறாம் எண்ணையும் சாமியார் வாசித்துக் காட்டினார். உடல்நலம் பார்த்து, தக்க காரணத்தோடு அடுத்த குழந்தையைத் தள்ளிப்போடலாம், அதற்குக் கரு தங்காத நாட்களைப் பயன்படுத்தலாம். திருச்சபை என்றால் பெற்றுக்கொண்டே இரு என்பதுதான் என்று வீட்டுக்காரர் நினைத்திருந்தார். உண்மையைச் சொன்னால் நானும் பாதி அப்படித்தான்.

"நான் ஒத்துக்கலைன்னா இவ பாவியா?" என்று கேட்டார். 1997-ல் ரோமிலிருந்து பாவசங்கீர்த்தனம் கேட்கும் குருக்களுக்கு வந்த வழிகாட்டியில் இதற்கே பதில் இருக்கிறதாம். துணைவர் ஒருவர் மட்டும் தடுப்புமுறையில் பிடிவாதமாக இருந்தால், மற்றவர் செய்வது தன்னளவில் தப்பாக இருக்கக் கூடாது, கனமான காரணம் வேண்டும், துணைவரைப் பொறுமையாக மாற்றப் பார்க்கணும். "ஒவ்வொரு தடவையும் சண்டை போடணும்னு எழுதலை" என்று சாமியார் என்னைப் பார்த்துச் சிரித்தார். ஆணுறைக்கு மட்டும் இந்த வாசல் ரொம்பக் குறுகல், முதல் நிபந்தனையிலேயே மாட்டும் என்று பல இறையியலாளர்கள் சொல்வார்கள் என்றும் எச்சரித்தார். அன்றைக்கே பாவசங்கீர்த்தனம் செய்து, ஞாயிற்றுக்கிழமை நற்கருணை வாங்கினேன்.

இன்னும் முடியவில்லை. இந்த முறையை நம்பி ஒரு வருஷம் பார்ப்போம், அதற்குள் மூன்றாவது குழந்தை பற்றி ஒரு டாக்டரிடம் போவோம் என்பதுதான் ஒப்பந்தம். ஒவ்வொரு சிசேரியனுக்கும் நஞ்சுக்கொடி பழைய தழும்பில் ஒட்டிக்கொள்ளும் ஆபத்து கூடும் என்று எனக்கும் தெரியும். மாதத்தில் பத்துப் பன்னிரண்டு நாள் விலகியிருப்பதில் அவருக்கு எரிச்சல்தான். ஆணுறைப் பெட்டியும் அலமாரியில் அப்படியேதான் இருக்கிறது, பிரிக்காமல்.

போன வாரம் பொட்டு அட்டை தீர்ந்துவிட்டது என்றேன். சாயங்காலம் கடையிலிருந்து அவரே வாங்கி வந்தார். பச்சை இரண்டு அட்டை, சிவப்பு ஒன்று. வெள்ளை எங்கே என்றேன்.

"ஸ்டாக் இல்லையாம்" என்றார்.