கேட்டால் சொல்லும் காரணம்

18 ஆகஸ்ட் 2024, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை என்பது கொசுப்புழுவுக்குத் தெரியாது. படகு போல மிதந்துகொண்டிருந்த கியூலெக்ஸ் கொசுவின் முட்டைத் திட்டு இன்று காலை பொரித்துவிட்டதால், மகளைத் தோழியின் பிறந்தநாளுக்கு அழைத்துப் போகும் பொறுப்பை அவள் அப்பாவிடம் விட்டுவிட்டு ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். பொடித்த நாய் பிஸ்கட்டும் ஈஸ்ட்டும் கலந்த தூளில் ஒரு சிட்டிகை போதும். சற்றுக் கூடினாலும் தண்ணீரின் மேல் ஆடை படிந்து புழுக்கள் மூச்சு முட்டிச் செத்துவிடும் என்பதால் இந்த வேலையைப் பிறரிடம் ஒப்படைக்க மனம் வருவதில்லை. "நம்ம நாய்க்கே பிஸ்கட் வாங்குறதில்லையேம்மா" என்றாள் மகள்.

20 ஆகஸ்ட், செவ்வாய்

1897-இல் இதே நாளில்தான் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் கொசுவின் வயிற்றுச் சுவரில் மலேரியாக் கிருமியைக் கண்டார். அதையொட்டிப் புதுச்சேரிப் பள்ளி ஒன்றில் பேச அழைத்திருந்தார்கள். ராஸைவிட எனக்கு நெருக்கமானவர் பேட்ரிக் மேன்சன். சீனத்தின் அமோய் நகரில் 1877-இல் யானைக்கால் கிருமி கொசுவுக்குள் வளர்வதைக் கண்டுபிடித்த அவர், அந்தக் கொசு செத்து விழுந்த தண்ணீரைக் குடிப்பதால்தான் நோய் மனிதருக்குத் தொற்றுகிறது என்று வெகுகாலம் நம்பினார். கடியின் வழியாகவே கிருமி ஏறுகிறது என்பது 1900-இல்தான் தெளிவாயிற்று.

பேசி முடித்ததும் ஒரு மாணவி, நான் ஏன் இந்தத் துறைக்கு வந்தேன் என்று கேட்டாள். கடலூர் முதுநகரில் என் ஆயாவுக்கு இருந்த யானைக்காலையும், நெறி கட்டிக் குளிர்காய்ச்சல் வரும் இரவுகளில் அவர் முனகியதையும் சொன்னேன். பத்தாண்டுகளாகச் சொல்லி வரும் பதில் அது. ஆசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

21 ஆகஸ்ட், புதன்

விடியற்காலையில் ஐந்து வீடுகளில் ஏறி இறங்கி, கொடியில் தொங்கிய துணிகளுக்குப் பின்னும் கட்டிலுக்கு அடியிலும் டார்ச் அடித்து, உறிஞ்சு குழலால் கொசுக்களைப் பிடித்து வந்தோம். "அடிக்கச் சொன்னா பத்திரமாப் புடிச்சிட்டுப் போறீங்களே" என்று ஒரு அம்மாள் சிரித்தார்.

பிற்பகல் முழுவதும் அறுவை. ஒரு துளி உப்புநீரில் கொசுவை வைத்து, தலை, நெஞ்சு, வயிறு என்று ஊசி முனையால் பிரித்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். மனிதருக்குத் தொற்றும் பருவத்து யானைக்கால் புழு ஒன்றரை மில்லிமீட்டர் நீளமே இருக்கும். துளிக்குள் சாட்டை சுழற்றுவது போல் நெளியும். முதன்முதலாக அதைக் கண்ட நாளில் மதிய உணவையே மறந்தேன். இன்று பார்த்தவற்றில் ஒன்றுகூட இல்லை. ஆண்டுதோறும் வீடு வீடாகக் கொடுத்த டிஇசி, அல்பெண்டசோல் என்ற யானைக்கால் தடுப்பு மாத்திரைகள் வேலை செய்கின்றன என்பதற்கு அதைவிட நல்ல செய்தி வேறில்லை. ஆனாலும் கடைசிக் கொசுவையும் பார்த்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தபோது எனக்குள் எழுந்தது ஏமாற்றம்தான் என்பதை இங்கேயாவது எழுதிவைக்கிறேன். ஆயாவின் காலுக்காக வந்தவள் என்றால் நான் மகிழ்ந்திருக்க வேண்டாமா?

25 ஆகஸ்ட், ஞாயிறு

முதுநகருக்குப் போயிருந்தேன். பள்ளியில் சொன்னதை அம்மாவிடம் சொன்னதும், வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "சாயங்காலம் ஆயா காலை சோப்பு போட்டுக் கழுவி, விரல் இடுக்கெல்லாம் துடைச்சு விடுவேன். நாத்தம்னு சொல்லி நீ கிட்டயே வந்ததில்ல. பின்கட்டுத் தொட்டிக்கிட்ட உக்காந்து நெளியிற புழுவைத்தான் பாத்துட்டிருப்ப. அதை ஊத்திட்டேன்னு ஒரு நாள் பூரா அழுத."

தொட்டி நன்றாக நினைவிருக்கிறது. சிமெண்டுத் தொட்டி, ஒரு மூலை உடைந்திருக்கும். அழுதது நினைவில்லை.

பேருந்தை விட்டு இறங்கி நேராக ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். போன ஞாயிறு பொரித்தவை பெரும்பாலும் கூட்டுப்புழுவாகியிருந்தன. கூட்டுப்புழு எதையும் தின்னாது. எனவே எனக்கு அங்கே வேலை எதுவும் இல்லை. கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல், தட்டின் மேல் குனிந்தபடி வெகுநேரம் நின்றிருந்தேன்.