வளைகுடாவுக்கு ஆட்டுக்கறி: விமானத்துக்கு முன்னால் சந்தையைப் பாருங்கள்

குளிரூட்டிய ஆட்டுக்கறியை வளைகுடாவுக்கு அனுப்ப நினைப்பவர்கள் துபாய் விலையை விசாரிப்பதிலேயே குறியாக இருக்கிறார்கள். நாங்கள் முதலில் பார்ப்பது உள்ளூர் விலையை. 2022-23இல் இந்தியாவின் மொத்த இறைச்சி உற்பத்தி 97 லட்சம் டன்னைத் தாண்டியது. அதில் ஏழில் ஒரு பங்கு வெள்ளாட்டுக்கறி. வெள்ளாடு, செம்மறி இரண்டும் சேர்ந்து ஏற்றுமதியானதோ பத்தாயிரம் டன்னுக்கும் குறைவு. விலையைத் தீர்மானிப்பது நம்மூர்க் கறிக்கடைதான்.

தீபாவளியும் பக்ரீத்தும் நெருங்கினால் எட்டயபுரம், மேலப்பாளையம், செஞ்சி சந்தைகளில் கிடா விலை எகிறிவிடும். அந்த வாரங்களுக்கு ஆர்டர் ஒப்புக்கொண்டால் கைநட்டம். புரட்டாசியிலும், மாலை போடும் கார்த்திகையிலும் கறிக்கடை மந்தம். ஏற்றுமதி கட்டுபடியாவது பெரும்பாலும் அப்போதுதான்.

கொள்முதலை உயிர் எடையில் பேசுங்கள். துண்டுக்கடியில் விரல் பிடித்துத் தரகர் முடிக்கும் கண்மதிப்பு விலையை வைத்து ஏற்றுமதிக் கணக்குப் போட முடியாது. தீனியும் தண்ணீரும் காட்டி ஓட்டி வந்த ஆட்டின் வயிற்றிலேயே ஒன்றரை, இரண்டு கிலோ இருக்கும். 20 கிலோ ஆட்டில் தலை, கால், தோல், குடல் போக 9 கிலோ உடல் தேறினால் நல்ல உருப்படி. குளிர் அறையில் ஒரு ராத்திரி தொங்கினால் அதிலும் 2 முதல் 3 சதவீதம் வற்றும். காயடிக்காத முற்றிய கிடா வேண்டாம், வீச்சம் அடிக்கும். உள்ளூரில் தலை, கால், குடல், ஈரல் எல்லாம் தனித்தனியே காசு. வெளிநாட்டு வியாபாரி கேட்பது வெறும் உடல். மிச்சத்தை அன்றே எடுக்க ஆள் பிடித்து வைக்காவிட்டால் லாபம் குடலோடு போய்விடும்.

ஏற்றுமதி-இறக்குமதிக்கான ஐஇசி எண், உணவுப் பாதுகாப்புத் துறையான எஃப்எஸ்எஸ்ஏஐயின் உரிமம், வேளாண் பொருள் ஏற்றுமதியைக் கவனிக்கும் மத்திய அமைப்பான அபீடாவில் உறுப்பினராகும் ஆர்சிஎம்சி பதிவு மூன்றுக்கும் ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம். அதில் பெரிய சிக்கல் இல்லை. சிக்கல் அறுக்கும் இடத்தில். நகராட்சி ஆட்டுத்தொட்டியில் அறுத்த கறி செல்லாது, அபீடாவில் பதிவான அறுப்புக்கூடம் வேண்டும். சொந்தக் கூடம் இல்லாதவர்கள் அப்படி ஒன்றோடு ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம். 2024 அக்டோபர் 16 முதல் அமீரகம், சவூதி, கத்தார் உள்ளிட்ட 15 நாடுகளுக்கு ஹலால் என்று அனுப்பினால், அந்தக் கூடத்துக்கு ஐ-காஸ் என்ற இந்திய அரசுத் திட்டத்தின் ஹலால் சான்றும் இருக்க வேண்டும். முன்பணம் கொடுப்பதற்கு முன் சான்றின் காலாவதி தேதியை நீங்களே பாருங்கள்.

அறுப்பதற்கு முன்னும் பின்னும் கால்நடை மருத்துவர் பார்த்துத்தான் சுகாதாரச் சான்று தருவார். சரக்கு அதிகம் மாட்டிக்கொள்வதும் இந்தக் காகிதத்தில்தான். சான்றில் அறுத்த சூட்டோடு போட்ட எடை இருக்கும். இன்வாய்ஸிலும் விமானச் சரக்குச் சீட்டான ஏர்வே பில்லிலும் மறுநாள் குளிர்ந்த எடை. ஒரு டன்னுக்கு 20, 30 கிலோ இடிக்கும், அங்கே விமான நிலைய அதிகாரி பெட்டியை நிறுத்திவிடுவார். எல்லாக் காகிதத்திலும் குளிர்ந்த எடையையே எழுதச் சொல்லுங்கள். நம்மூரில் வெள்ளாடு, செம்மறி இரண்டுமே மட்டன். ஏற்றுமதியில் வெள்ளாட்டுக்கு 0204 50 என்று தனிச் சுங்கக் குறியீடு. ஒரு செம்மறி கலந்தாலும் தகராறுதான்.

உடல்களை ஒன்றோடொன்று உரசாமல் தொங்கவிடுங்கள். உரசும் இடத்தில் குளிர் ஏறாது, முதலில் பிசுபிசுப்பதும் அங்கேதான். தெர்மாமீட்டரைப் பின்தொடையில் எலும்பு வரை குத்திப் பார்த்து, 4 டிகிரிக்குக் கீழே இறங்கிய பிறகே துணி உறை. அவசரப்பட்டு உறை போட்டால் உள்ளே வியர்த்துவிடும்.

சரக்கு விமானத்தில் இடம் உறுதியாகாமல் ஆட்டை அறுக்காதீர்கள். விமானம் தவறினால் குளிரூட்டிய கறி என்று சான்று வாங்கியதை உறையவைத்துக் கப்பலில் ஏற்ற முடியாது. லேபிள், சான்று எல்லாம் வேறு. அந்தச் சரக்கை உள்ளூரில் அன்றைய விலைக்குத் தள்ளுவது ஒன்றுதான் வழி. கூடத்துக்குப் பக்கத்திலேயே இரண்டு ஹோட்டல் சப்ளையரிடம் முன்கூட்டியே பேசி வைத்திருங்கள்.