பூனைக்கு 625 கேட்டு வருகிறவர்களுக்கு

காரைக்குடிப் பக்கம் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறேன். நாய்க்கும் பூனைக்கும் மருந்து கேட்டு வருகிறவர்கள் இப்போது நிறைய. மாட்டு ஆஸ்பத்திரி டாக்டர் எழுதின சீட்டோடு வந்தால் சந்தோஷம். வெறுங்கையோடு வந்து, "புண்ணு ஆறலை, ஒரு ஆன்டிபயாட்டிக் குடுப்பா" என்றால்தான் வாக்குவாதம்.

கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டு ஆச்சி எனக்கு நெடுநாள் வாடிக்கை. இரண்டாம் கட்டில் எலி பிடிக்க வந்த பூனைகள் இப்போது வளவையே குத்தகைக்கு எடுத்துவிட்டன. அதில் கடுவன் ஒன்று சண்டை போட்டுக் கன்னம் வீங்கிக் கிடந்தது.

"தம்பி, பேரனுக்குத் தந்தியே 625 மாத்திரை, அதுல கொஞ்சம் மிச்சம் கிடக்கு. பாதி பாதியாக் குடுத்துறவா?"

பேரன் ஏன் மிச்சம் வைத்தான் என்பது தனிக் கதை.

"வேணாம் ஆச்சி. அது பூனை தாங்குற அளவு இல்லை."

625 என்றால் 500 மில்லிகிராம் அமாக்ஸிசிலின், 125 கிளாவுலானிக் அமிலம் சேர்ந்த ஆன்டிபயாட்டிக் மாத்திரை. பூனைக்கு ஒரு வேளைக்கு வழக்கமாக எழுதுவது இரண்டும் சேர்த்து 62.5 மில்லிகிராம்தான். பத்தில் ஒரு பங்கு! அரிவாள்மனையில் வைத்து நறுக்கினாலும் அந்தக் கணக்கு வராது. வெட்டின மிச்சத்தைக் காகிதத்தில் மடித்து வைத்தாலும் பிரயோஜனமில்லை. கிளாவுலானிக் அமிலம் ஈரம் பட்டால் கெட்டுப்போகும். குழந்தைகளுக்கான பவுடர் சிரப்பும் தண்ணீர் கலந்தபின் ஃப்ரிட்ஜில் ஏழு நாள்தான் தாங்கும்.

அதைவிட முக்கியம், அந்தக் கன்னத்துக்கு மாத்திரை மட்டும் போதாது. பூனைப் பல் ஊசி மாதிரி. வெளியே சின்னத் துளைதான் தெரியும், அதுவும் சீக்கிரம் மூடிக்கொள்ளும். வாயில் இருக்கும் பாஸ்சுரெல்லா போன்ற கிருமிகள் உள்ளே மாட்டிக்கொண்டு சீழ் கட்டும். கட்டின சீழுக்குள் மருந்து சரியாக எட்டாது. டாக்டர் கீறிச் சீழை எடுத்துக் கழுவவேண்டும். ஆச்சியின் கடுவனுக்கும் அதுதான் நடந்தது; மருந்து அதற்கப்புறம்.

டாக்ஸிசைக்ளின் என்ற இன்னொரு ஆன்டிபயாட்டிக் எழுதின பூனைச் சீட்டு வந்தால் மட்டும் கூட்டம் நின்றாலும் ஆளை விடமாட்டேன். அந்த மாத்திரை பூனையின் உணவுக்குழாயில் நின்றுவிட்டால் அங்கேயே புண்ணாக்கும். புண் ஆறும்போது குழாய் சுருங்கி, அப்புறம் சோறே இறங்காது. அதனால் ஊசி கழற்றின சிரிஞ்சு ஒன்றையும் சேர்த்துக் கொடுப்பேன். மாத்திரை போட்டவுடன், வாயின் ஓரமாக, பல்லுக்கும் கன்னத்துக்கும் நடுவில் சிரிஞ்சை வைத்து ஐந்து மில்லி தண்ணீர், கொஞ்சம் கொஞ்சமாக. தலையை அண்ணாத்திப் பிடித்து ஒரேயடியாக ஊற்றினால் நுரையீரலுக்குப் போய்விடும். தண்ணீர் குடிக்கவில்லையா, மாத்திரைக்குப் பின்னாலேயே ஒரு வாய் மீன் சோறு. பாலில் கரைத்துக் கொடுக்கிற வேலை வேண்டாம். பாலில் உள்ள கால்சியம் மருந்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும்.

நாய்க்காரர்கள் தப்புவது வேறு இடத்தில். உண்ணிக் காய்ச்சல் எங்கள் ஊர் வெயிலுக்குச் சாதாரணம். எர்லிக்கியா என்ற உண்ணிக் கிருமி ரத்தப் பரிசோதனையில் வந்தால், அதே டாக்ஸிசைக்ளினை டாக்டர்கள் பெரும்பாலும் 28 நாளுக்கு எழுதுவார்கள். இரண்டு மூன்று நாளிலேயே நாய் வாலாட்டும், கஞ்சி குடிக்கும். உடனே மீதி அட்டை அலமாரிக்குப் போய்விடும். கிருமி இன்னும் உள்ளேதான் இருக்கிறது. உண்ணியும் சுவர் வெடிப்பில், தூண் இடுக்கில் அடுத்த சுற்றுக்குக் காத்திருக்கிறது. அதற்கும் சேர்த்து மருந்து கேளுங்கள்.

நாய்க்கு வாங்கினதைப் பூனைக்குக் கொடுப்பது இன்னொரு வழக்கம். என்ரோஃப்ளாக்ஸசின் என்ற ஆன்டிபயாட்டிக்கில் 150 மில்லிகிராம் மாத்திரை உண்டு. பூனைக்கோ ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. மூன்று கிலோப் பூனைக்கு 15. தாண்டினால் விழித்திரை கெட்டுக் குருடாகலாம். வளரும் நாய்க்குட்டிக்கு அதே மருந்து மூட்டுக் குருத்தெலும்பைக் கெடுக்கும். ஆன்டிபயாட்டிக் இல்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன்: காய்ச்சல் என்று பூனைக்குப் பாராசிட்டமால் கொடுத்தால் செத்துப்போகும்.

"காசு குடுக்கிறேன்ல, தர்றதுக்கு என்ன?" என்று கேட்பவர்களுக்கு அட்டையைத் திருப்பி அந்தச் சிவப்புக் கோட்டைக் காட்டுவேன். சீட்டில்லாமல் சாப்பிடாதே என்று 2016-இல் மத்திய சுகாதார அமைச்சகம் அதை வைத்துத்தான் பிரசாரமே செய்தது. செஃபிக்ஸிம், லீவோஃப்ளாக்ஸசின் மாதிரி எச்1 பட்டியல் (சீட்டிருந்தால் மட்டும் விற்கவேண்டியவை) மருந்துகளுக்கு 2014 முதல் தனி நோட்டு. யார் எழுதினார், யாருக்கு, எத்தனை என்று பதிந்து மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். அதில் 'கருப்பன், நாய்' என்று எழுதும்போது எனக்கே சிரிப்பு வரும்.

எத்தனை மருந்து மாற்றியும் ஆறாத தோல் புண்ணா? கல்ச்சர், அதாவது புண்ணிலிருக்கும் கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை, எடுக்கலாமா என்று டாக்டரிடமே கேளுங்கள். எந்த மருந்துக்கு அந்தக் கிருமி மசியும் என்று அதில் தெரியும். தஞ்சாவூர் மாவட்டம் ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

டாக்டரிடம் போகும்போது எடையைப் பார்த்துக்கொண்டு போங்கள், மருந்துக் கணக்கு அதை வைத்துத்தான். பூனையைக் கட்டைப்பையில் விட்டு மளிகைக் கடை எலக்ட்ரானிக் தராசில் வைத்தால் முடிந்தது, பையின் எடையை மட்டும் கழிக்கவேண்டும். ஆச்சியின் கடுவன் நாலரைக் கிலோ. செட்டியார் கடையில் பில் போடாத குறைதான்.