சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்

புது கேமரா ஏதாவது அறிவித்துவிட்டால் அன்றைக்கு எனக்கு வேறு வேலை ஓடாது. வாங்கப் போகிறேனா என்பது அப்புறம். ஸ்பெக் ஷீட்டைக் கடைசி வரி வரை படித்தாக வேண்டும்: எடை எவ்வளவு, பழைய பேட்டரி பொருந்துமா, கார்டு ஸ்லாட் ரெண்டும் ஒரே வகையா, தொடர்ந்து சுட்டால் பஃபர் (படம் கார்டுக்குப் போகும்வரை தாங்கும் நினைவகம்) எப்போது நிரம்பும், இப்படி. மெகாபிக்சல் வரியை மட்டும் தாண்டிப் போய்விடுவேன்.

காரணம் சாதாரணக் கணக்குதான். என்னிடம் இருப்பது நிக்கான் டி750, 2014இல் வந்த மாடல், 24 மெகாபிக்சல். ஒரு படம் ஏறக்குறைய 6000க்கு 4000 பிக்சல். 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) பிரிண்ட் போட்டால் 20 அங்குல அகலம், 13 அங்குல உயரம் வரும். அதைவிடப் பெரிதாக மாட்ட நம் வீட்டில் எந்தச் சுவர் காலியாக இருக்கிறது? 45 மெகாபிக்சலுக்குப் போனால் படம் ரெண்டு மடங்காகிவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அகலம் 20 அங்குலத்திலிருந்து 27க்குப் போகும், அவ்வளவுதான். பிக்சல் நீளத்துக்கும் அகலத்துக்கும் பங்கு போய்விடுகிறதே.

எனக்கு ஆசை வருவது ஆட்டோஃபோகஸில். வேடந்தாங்கலில் மஞ்சள்மூக்கு நாரை கூடு கட்டக் குச்சியைக் கவ்விக்கொண்டு இறங்கும் பாருங்கள், காலைத் தொங்கவிட்டு, இறக்கையை முழுசாக விரித்து பிரேக் போடுகிற அந்த ஒரு நொடி. டி750இல் 51 ஃபோகஸ் பாயின்ட், எல்லாம் நடுவிலேயே குவிந்திருக்கும். பறவை கொஞ்சம் ஓரத்துக்கு வந்தால் ஃபோகஸ் பின்னாலிருக்கும் கருவேலங்கிளையில் போய் உட்கார்ந்துவிடும். வீட்டுக்கு வந்து பார்த்தால் முள் ஒவ்வொன்றும் துல்லியம், நாரை கலங்கல். இன்றைய மிரர்லெஸ் கேமராக்களில் (உள்ளே கண்ணாடி இல்லாத வகை) ஃபிரேமின் எந்த மூலைக்குப் பறவை போனாலும் அதன் கண்ணில் சின்னக் கட்டம் ஒட்டிக்கொண்டு கூடவே போகிறது. ஒரு நண்பரின் நிக்கான் இசட்8ஐ (45 மெகாபிக்சல் மிரர்லெஸ்) வாங்கிக் கொஞ்ச நேரம் சுட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கவே மனசில்லை. அந்த கேமரா 2023இல் வந்தபோது பறவைக்கென்று தனி மோடு கிடையாது, 2024 பிப்ரவரியில் ஃபர்ம்வேர் (கேமராவுக்குள் ஓடும் மென்பொருள்) அப்டேட்டில் சேர்த்தார்கள். அதனால் புது மாடல் வந்த முதல் வாரமே வரிசையில் நிற்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமை வருவதில்லை. ஒரு வருஷம் பொறுத்தால் விலையும் கொஞ்சம் இறங்கும், கேமராவும் கொஞ்சம் தேறும்.

சரி, வாங்கிவிட வேண்டியதுதானே? இங்கேதான் சுமைகூலி ஆரம்பிக்கிறது. இசட்8 நொடிக்கு 20 ரா படம் (சென்சார் பதிந்த தரவை அப்படியே வைக்கும் கோப்பு) எடுக்கும். தரம் குறையாமல் சுருக்கும் லாஸ்லெஸ் வகையில் ஒரு படம் சுமார் 50 எம்பி. அப்படியென்றால் ஷட்டரை ஒரே ஒரு நொடி அழுத்தினால் ஒரு ஜிபி. இதற்கு ஈடு கொடுக்க சிஎஃப்எக்ஸ்பிரஸ் டைப் பி என்கிற வேகமான கார்டு வேண்டும், கையிலிருக்கும் எஸ்டி கார்டெல்லாம் அந்த வேகத்துக்குத் திணறும். அந்தக் கார்டுக்குத் தனி ரீடர். எல் பிராக்கெட், அதாவது கேமராவை ட்ரைபாடில் மாட்டும் தகடு, ஒவ்வொரு பாடிக்கும் தனி அளவு, பழையது சேராது. பழைய லென்ஸைப் புது பாடியில் மாட்ட எஃப்டிஇசட் அடாப்டர், அதிலும் ஒரு வில்லங்கம்: மோட்டார் உள்ளேயே இருக்கும் ஏஎஃப்-எஸ் லென்ஸில் ஆட்டோஃபோகஸ் வேலை செய்யும், என் செல்லமான 50 மிமீ டி லென்ஸில் செய்யாது, ஏனென்றால் அதைத் திருப்புகிற மோட்டார் பழைய பாடிக்குள்ளே இருந்தது, அடாப்டரில் இல்லை. பழசில் மாறாமல் இருப்பது பேட்டரியின் அளவு. 2010இல் டி7000 கேமராவுடன் வந்த இஎன்-இஎல்15 வடிவத்தையே இன்னும் விடாமல் வைத்திருக்கிறார்கள், அதற்கு ஒரு கும்பிடு.

இவ்வளவும் கேமரா பையோடு முடிகிற செலவு. மேஜைக்கு வந்தால் கம்ப்யூட்டர் முறைக்கிறது. படம் திருத்தும் மென்பொருளான லைட்ரூமில் 2023இல் வந்த ஏஐ டீநாய்ஸ் (படத்தில் வரும் புள்ளி இரைச்சலைத் துடைக்கும் வசதி) உண்மையிலேயே உருப்படியான விஷயம், விடியற்காலை வெளிச்சம் போதாமல் 6400 ஐஎஸ்ஓவில் எடுத்த பறவைப் படங்கள் எனக்கு மறுபடி உயிரோடு வந்தது அதனால்தான். ஆனால் அது முழுக்க கிராபிக்ஸ் கார்டை நம்பி ஓடுவது. என்னுடைய பழைய லேப்டாப்பில் ஒரு படத்தைப் போட்டுவிட்டு டீ போட்டு வந்தாலும் கோடு பாதியில்தான் நிற்கும். இதில் 45 மெகாபிக்சலைக் கொண்டுவந்து கொட்டினால் என்ன ஆகும்? மேக் வாங்கலாம் என்றால் ராமைப் பின்னால் கூட்ட முடியாது, வாங்கும்போதே யோசித்து வாங்க வேண்டும். 2016இல் தூக்கிய எஸ்டி ஸ்லாட்டை மேக்புக் ப்ரோவில் 2021இல் திரும்பக் கொண்டுவந்தார்கள், அதற்குள் எல்லோரும் ஆளுக்கொரு டாங்கிள் (வெளியே செருகும் கார்டு ரீடர்) வாங்கி முடித்திருந்தோம்.

கேபிள் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், இதை யாரும் கண்டுகொள்வதில்லை. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் எஸ்எஸ்டிக்கு (வெளியே செருகும் ஸ்டோரேஜ்) யூஎஸ்பி-சி கேபிள் கேட்டேன். கடைப் பையன் ஒன்றை எடுத்து நீட்டி, "எல்லாம் ஒண்ணுதாண்ணா, ரெண்டு பக்கமும் சி" என்றான். "இது சார்ஜிங் கேபிள் தம்பி, டேட்டாவுக்கு 10 ஜிபிபிஎஸ் கொடு" என்றதும் உள்ளே போய் வேறொன்று எடுத்து வந்தான். கொஞ்சம் தடிமன், நீளம் குறைவு, முனையில் பொடி எழுத்தில் 10 என்று போட்டிருந்தது. போன் பெட்டியில் வருகிற கேபிள்கள் பெரும்பாலும் யூஎஸ்பி 2.0 வேகம்தான், ஏட்டில் நொடிக்கு 480 மெகாபிட், அரை ஜிகாபிட்கூட இல்லை. நடைமுறையில் 128 ஜிபி கார்டை அதில் இறக்கினால் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். லட்சக்கணக்கில் கேமரா வாங்கிவிட்டு, கார்டு காப்பி ஆக நேரமாகிறது என்று லேப்டாப்பைத் திட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இந்தச் செலவுப் பட்டியலில் என் முதல் ஓட்டு மானிட்டருக்கு. கடையில் பளபளவென்று தெரிய வேண்டும் என்பதற்காகவே பிரைட்னஸை ஏற்றி அனுப்புகிறார்கள், அதில் பார்த்து எடிட் செய்த படம் பிரிண்டில் இருட்டாக வரும், உடனே பிரிண்ட் போட்ட லேப்காரர் மேல் பழி போடுவோம். பிரைட்னஸை 100, 120 நிட்ஸ் (திரை வெளிச்சத்தின் அலகு) அளவுக்கு இறக்கி, கேலிபரேட்டர் (திரை வண்ணத்தை அளக்கும் கருவி) வைத்து வண்ணத்தைச் சரி செய்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே முடிந்துவிடும். 2019 ஜனவரியில் டிஜிட்டல் கேமராவுக்கு ஜிஎஸ்டியை 28இலிருந்து 18 சதவீதமாகக் குறைத்தபோது 32 இன்ச் வரையிலான மானிட்டருக்கும் சேர்த்தே குறைத்தார்கள். கேமராவுக்குக் குறைந்ததைத்தான் நம் ஆட்கள் கொண்டாடினார்கள்.

அப்புறம் ட்ரை கேபினட், ஈரம் ஏறாமல் லென்ஸைக் காக்கும் பெட்டி. சென்னைக் காற்றில் லென்ஸைத் தோல் பைக்குள் போட்டு அலமாரியில் வைப்பது பூஞ்சைக்கு வீடு கட்டிக் கொடுப்பது. செகண்ட் ஹேண்ட் லென்ஸ் பார்க்கப் போனால் அப்பர்ச்சரை (உள்ளே ஒளி புகும் துளை) முழுசாகத் திறந்து, பின்பக்கமிருந்து போன் டார்ச்சை அடித்து, லென்ஸைச் சற்றுச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். தூசி புள்ளியாகத் தெரியும், அது பரவாயில்லை. ஓரத்திலிருந்து வெள்ளை வெள்ளையாக நூல் கிளை விட்டிருந்தால் அது பூஞ்சை, கோட்டிங்கை அரித்திருந்தால் சுத்தம் செய்தாலும் தழும்பு போகாது. கேபினட்டில் ஈரப்பதத்தை 40லிருந்து 50 சதவீதத்துக்குள் வைத்தால் போதும். அவ்வளவு செலவு வேண்டாம் என்றால் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரப்பத மீட்டர் போதும். நீல ஜெல் இளஞ்சிவப்பானால் மிதமான சூட்டில் உலர்த்தி மறுபடி போடலாம்.

ஆக, இந்த சீசனுக்கு மானிட்டர், அடுத்து லேப்டாப். இசட்8 வாங்கும் நேரம் வரும்போது அதற்கு அடுத்த மாடல் வந்திருக்கலாம், வந்தால் இதே இசட்8ஐ நல்ல விலைக்கு விற்க ஆள் இருப்பார்கள். டார்ச்சோடு போவேன்.