எண்ணெய் இறங்கும் வரை

அக்டோபர் 19

காலையிலிருந்து மழை. மேஜர் சாரின் ஹார்லி பைக்கில் கேம் கவரைக் கழற்றிவிட்டேன், ஒரு போல்ட்கூடத் தகராறு பண்ணவில்லை. அப்பா ராத்திரி முழுக்கத் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தபடியே இருந்தார். காலையில் ஆக்ஸிஜன் அளவு 91.

அக்டோபர் 20

89. அப்புறம் 92. மதியம் ரசம் சோறு இரண்டு வாய்.

அக்டோபர் 21

மேஜர் சார் இன்றும் போன் செய்தார். கேம் ஜோடியைப் பெட்டியோடு கொடுத்துவிட்டுப் போய் மூன்று வாரம் ஆகிறது. கேட்பது அதே கேள்விதான்: வால்வை இவ்வளவு உயரம் தூக்குகிற, அதாவது இவ்வளவு லிஃப்ட் உள்ள கேமுக்கு, கேமுக்கும் புஷ் ராடுக்கும் நடுவில் ஏறி இறங்குகிற கம்பெனி டேப்பட் தாங்குமா, இல்லை வெளிநாட்டு ரேஸிங் டேப்பட் வாங்கித்தான் ஆக வேண்டுமா?

ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பெட்டி அட்டையில் வால்வு லிஃப்ட் 550 தௌ. தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இந்த ட்வின் கேம் 103 இன்ஜினில் ராக்கர் கை அந்த அசைவைப் பெருக்குகிற விகிதம் 1.625. வகுத்தால் 338 தௌ. டேப்பட் தன் குழிக்குள் ஏறி இறங்க வேண்டியது அவ்வளவுதான், 8.6 மில்லிமீட்டர். லிஃப்ட் கூடினால் டேப்பட்டுக்குள் எண்ணெய்மேல் நிற்கும் உள் பிஸ்டன் இன்னும் ஆழமாக அமுங்கும் என்று நினைப்பவர்கள் நிறைய. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். கேமின் மூக்கு, அதாவது அதன் மேடான பக்கம், தூக்கத் தொடங்கிய உடனே உள்ளே இருக்கும் சின்ன வால்வு மூடிக்கொள்கிறது. எண்ணெய்க்குப் போக வழியில்லை. டேப்பட் முழுக்க ஒரே இரும்புக் கட்டை மாதிரி மேலே போகிறது. உள் பிஸ்டன் எந்த ஆழத்தில் நிற்கும் என்பதற்கும் மூக்கின் உயரத்துக்கும் சம்பந்தமே இல்லை. அதை முடிவு செய்வது அடிவட்டம், கேம் தூக்காமல் சும்மா சுற்றுகிற அந்தப் பக்கம்.

சிக்கலும் அங்கேதான் இருக்கிறது. கேம் அறைக்குள் இடம் கொஞ்சம். மூக்கை வெளியே நீட்ட முடியாததால் அடிவட்டத்தை உள்ளே அரைத்துத்தான் லிஃப்ட் எடுக்கிறார்கள். பழைய கேமையும் புதியதையும் மைக்ரோமீட்டரில் பிடித்துப் பார்த்தேன். குறுக்களவில் 40 தௌ குறைகிறது. அப்படியானால் டேப்பட் 20 தௌ கீழே உட்காரும். பழைய புஷ் ராடையே போட்டால், உள் பிஸ்டனை அமுக்கி வைத்திருக்கும் அளவில் அந்த 20 தௌ போய்விடும். நீளத்தைக் கூட்டிக் குறைக்கிற ராட்தான் வேண்டும். அதை மேஜர் சாரிடம் அன்றே சொல்லி வாங்க வைத்தது நல்லதாகப் போயிற்று.

எழுதி முடித்தபோது மணி ஒன்று. பக்கத்து அறையில் அப்பாவின் ஆக்ஸிஜன் மெஷின் ஓடுகிற சத்தம். நடுநடுவே ஒரு டிக்.

அக்டோபர் 22

குன்னூரிலிருந்து இறங்கும் மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிவு. ரயிலும் ரத்து. அப்பாவுக்குக் கோவையில் ஸ்கேனுக்கு வாங்கி வைத்த நாள் போனது. கோத்தகிரி வழியாகப் போகலாம் என்றேன். மூன்று மணி நேரத்துக்கு மேல் உட்கார முடியாது என்று அம்மா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள்.

அக்டோபர் 24

சாயங்காலம் நாலு மணிக்குப் போன கரண்ட் ஒன்பது மணிக்கு வந்தது. மெஷின் நின்றதும் ஆக்ஸிஜன் சிலிண்டருக்கு மாற்றினேன். கேஜ் முள்ளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். சின்ன வயதில் அப்பாவோடு ரயில் ஷெட்டுக்குப் போனால் பாய்லர் கேஜை அவர் இப்படித்தான் பார்த்துக்கொண்டிருப்பார், கண் சிமிட்டாமல்.

பேச வேண்டாம் என்று சொல்லியும் பேசினார். மலை ரயிலின் எக்ஸ் கிளாஸ் நீராவி இன்ஜினில் நாலு சிலிண்டர். ஆவி முதலில் சக்கரத்தை ஓட்டும் சிலிண்டரில் வேலை செய்துவிட்டு, அதே ஆவிதான் பல்சக்கரத்தை ஓட்டும் சிலிண்டருக்கு வரும். கல்லாறிலிருந்து குன்னூர் வரை 12 அடிக்கு ஓர் அடி ஏற்றம். எனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை, ஆனாலும் முழுக்கக் கேட்டேன்.

அக்டோபர் 26

பழைய டேப்பட் நாலையும் மண்ணெண்ணெயில் கழுவி, அடியில் கேமைத் தொட்டு உருளும் ரோலரை விரலால் சுற்றிப் பார்த்தேன். மூன்று வெண்ணெய் மாதிரி. நாலாவதில் ஒரு சுற்றுக்கு ஓர் இடத்தில் மணல் பட்ட மாதிரி நெருடல். வண்டி 41,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது.

ரோலருக்குள் இருக்கும் ஊசி பேரிங்தான் என் பயம். ஊசி மாதிரி மெல்லிய சின்ன உருளைகள். அவை உடைந்து கொட்டினால் எண்ணெயோடு போய் பம்ப், கேம், பேரிங் எல்லாவற்றையும் முடித்துவிடும். ரோலர் நின்றுபோனால் சீக்கிரமே கேம் மூக்கே தேய்ந்து போகும். இதைக் கொல்வது லிஃப்ட் இல்லை, ஸ்பிரிங் பாரமும், கேம் வால்வைத் தூக்கி எறிகிற வேகமும், அழுக்கு எண்ணெயும்தான். மேஜர் சார் இருப்பதிலேயே கடினமான ஸ்பிரிங் போடச் சொல்கிறார். வேண்டாம் என்றேன். அந்தக் கூடுதல் பாரம் முழுக்க இந்த ஊசிகள் தலையில்தான் விழும். முழுத் தூக்கலில் ஸ்பிரிங் சுருள்களுக்கு இடையே 60 தௌவுக்கு மேல் மிச்சம் இருக்கிறது, 5,500 சுற்றைத் தாண்டி ஓட்டப் போவதும் இல்லை. இப்போது இருக்கிற ஸ்பிரிங்கே போதும்.

டேப்பட் மட்டும் புதிது. அதே கம்பெனி டேப்பட், நாலும். சென்னையில் சொல்லிவிட்டேன்.

அக்டோபர் 27

88.

அக்டோபர் 29

பார்சல் மேட்டுப்பாளையத்தில் கிடந்து, கோத்தகிரி பஸ்ஸில் ஏறி ஒரு வழியாக வந்து சேர்ந்தது. அட்டை நனைந்திருந்தது, உள்ளே உறை பத்திரம். பையன் பிரித்து, பனியன் வேஸ்டால் ஒவ்வொன்றையும் துடைத்து, மேசைமேல் வரிசையாக வைத்திருந்தான். புது இரும்பின் வாசனை. அவ்வளவு நாளைக்கு அப்புறம் மனசு கொஞ்சம் லேசாக இருந்தது. வர்க்கி வாங்கி வரச் சொல்லி எல்லோரும் டீ குடித்தோம். அப்பாவும் வர்க்கியை டீயில் நனைத்து ஒன்று சாப்பிட்டார்.

அக்டோபர் 31

முன் சிலிண்டர் முடிந்தது.

டேப்பட் முழுத் தூக்கலுக்கு ஏறியபோது அதன் தட்டைப் பக்கம் இன்னும் அது திரும்பாமல் பிடிக்கிற தடுப்புப் பின்னை ஒட்டி நிற்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தேன். நிற்கிறது. அது விலகினால் டேப்பட் திரும்பிவிடும், ரோலர் குறுக்கே நின்று கேமைச் சீவிவிடும். கீழே இறங்கிய நிலையில் எண்ணெய்த் துளை குழிக்கு வெளியே வரவில்லை என்பதையும் பார்த்தாயிற்று. இந்த இரண்டும் சரி என்றால் உயர லிஃப்ட் கேமோடு கம்பெனி டேப்பட் பயப்படாமல் குடித்தனம் பண்ணும்.

ராடில் அங்குலத்துக்கு 32 மரை. ஒரு முழுச் சுற்று 31 தௌ. ஆட்டம் போன இடத்திலிருந்து மூணே கால் சுற்று நீட்டினால் 100 தௌ அமுக்கம். நீட்டிய உடனே இன்ஜினைச் சுற்றக் கூடாது. உள்ளே எண்ணெய் நிறைந்து நிற்பதால் டேப்பட் நீண்டே இருக்கும், வால்வு திறந்தபடி இருக்கும், பிஸ்டன் வந்து முட்டும். எண்ணெய் மெல்லக் கசிந்து இறங்கி, ராட் இரண்டு விரலுக்குச் சுழலும் வரை காத்திருக்க வேண்டும். கீழே சமவெளியில் பத்து இருபது நிமிடத்தில் இறங்கிவிடும். இங்கே ராத்திரி 11 டிகிரி, எண்ணெய் தேன் மாதிரி இருக்கிறது. முக்கால் மணி நேரம் ஆனது. ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ராடைத் தொட்டுப் பார்த்தேன். இடையில் இரண்டு தடவை மாடிக்குப் போய் அப்பா விரலில் கிளிப்பை மாட்டிப் பார்த்தேன். 90. 90.

நவம்பர் 1

பின் சிலிண்டரும் முடிந்தது. ஸ்டார்ட் பண்ணும் முன் கம்ப்ரெஷன் பார்த்தேன். இரண்டிலும் 130 பி.எஸ்.ஐ.யைத் தாண்டவில்லை.

இது இன்ஜின் கோளாறு இல்லை. குன்னூர் 1,850 மீட்டர் உயரம், இங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதோடு இந்த கேம் இன்டேக் வால்வைத் தாமதமாக மூடுகிறது, பிஸ்டன் மேலே வரும்போது இழுத்த காற்றில் கொஞ்சம் திரும்பிப் போய்விடுகிறது. வேகமாகச் சுற்றும்போது அது லாபம். கல்லட்டியின் 36 கொண்டை ஊசியில் இரண்டாவது கியரில் ஏறும்போது நஷ்டம். மலைக்காரன் ஒருவனைக் கேட்டு வாங்கியிருந்தால் லிஃப்ட் அப்படியே இருக்க, வால்வு திறந்திருக்கும் நேரம் குறைவான கேமைச் சொல்லியிருப்பான். மேஜர் சாரிடம் இதைச் சொல்லத்தான் வேண்டும். நாளைக்கு.

நவம்பர் 2

ஸ்டார்ட் ஆனது, முதல் தட்டிலேயே. பையன் கை தட்டினான். பத்து வினாடியில் சத்தம் அடங்கியது, ஒன்றைத் தவிர. டிக், டிக், டிக். சூடாகியும் போகவில்லை.

நவம்பர் 3

டிக்.

மூணே கால் சுற்றுதான் என்று சத்தியம் பண்ணுவேன். ஒவ்வொரு சுற்றுக்கும் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டிருக்கிறேன், கோடுகள் அப்படியே இருக்கின்றன. ராக்கர் பக்கமா, எக்ஸாஸ்ட் கேஸ்கட்டா, டேப்பட்டா, சொல்ல முடியவில்லை. இரண்டு சிலிண்டரும் 45 டிகிரியில் நெருங்கி நிற்கின்றன, சத்தம் எங்கேயிருந்தும் எங்கேயும் வருகிறது.

நவம்பர் 4

ராத்திரி விழிப்பு வந்தபோது அது இன்ஜினா மெஷினா என்று ஒரு நிமிடம் தெரியவில்லை. இன்ஜினை எப்போதோ அணைத்தாயிற்று.

நவம்பர் 5

அப்பாவே கேட்டார். “என்னடா, ரெண்டு நாளா ஒரே சத்தத்தைக் கேட்டுக்கிட்டு உக்காந்திருக்க?”

நாற்காலியோடு தூக்கிக் கீழே கொண்டுவந்தோம், நானும் பையனும். சிலிண்டரை அம்மா பிடித்துக்கொண்டாள். புகை வரக் கூடாது என்று ஷெட் கதவு இரண்டையும் முழுக்கத் திறந்து, வண்டியின் பின்பக்கத்தை வாசலுக்குத் திருப்பி வைத்தேன். காற்று அன்றைக்கு நல்லபடியாக வெளியே வீசியது. அப்பா மூக்குக் குழாயோடு முன்னால் சாய்ந்து, நீள ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியைக் காதில் வைத்து, நுனியை டேப்பட் மூடியில் வைத்தார். முன்னது. தலையை ஆட்டினார். அப்புறம் பின்னது. கண்ணை மூடிக்கொண்டார். கை நடுங்குகிறது, ஆனால் ஸ்க்ரூ டிரைவர் நுனி ஆடவில்லை. அதை எப்படிச் செய்கிறார் என்று எனக்குப் புரியவே இல்லை.

அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. அணைக்கச் சொல்லிக் கை காட்டினார்.

“பின்னாடி. எக்ஸாஸ்ட். உள்ள ஏதோ இருக்கு, எண்ணெய் நிக்க மாட்டேங்குது.”

மேலே போனதும் 86 காட்டியது. ஒரு மணி நேரம் கழித்து 90. அந்த ஒரு மணி நேரத்தை நான் மறக்க மாட்டேன்.

நவம்பர் 6

பின் சிலிண்டர் எக்ஸாஸ்ட் டேப்பட்டை வெளியே எடுத்து, கிளிப்பைக் கழற்றி, உள் பிஸ்டனை உருவினேன். கீழே சின்ன வால்வின் இருக்கையில் ஒரு நூல். வெள்ளைப் பனியன் நூல், கண் இமை நீளம். அது அடைத்துக்கொண்டு வால்வு முழுக்க மூடாமல், கேம் தூக்கும் ஒவ்வொரு முறையும் எண்ணெய் கசிந்துகொண்டே இருந்திருக்கிறது.

பையனைத் திட்டவில்லை. வேஸ்டை இன்ஜின் திறந்திருக்கும் மேசைக்குப் பக்கத்தில் வைத்திருந்தது நான்தான். நாலு டேப்பட்டையும் கழற்றிச் சுத்தமான பெட்ரோலில் அலசி, காற்றடித்து, துணியே படாமல் கூட்டினேன். பனியன் வேஸ்ட் மூட்டையைத் தூக்கி வெளி வராந்தாவில் போட்டாயிற்று.

நூலை ஒரு வெள்ளைக் காகிதத்தில் வைத்து அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடி கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

நவம்பர் 7

ரோடு திறந்தார்கள், ஒரு வழி மட்டும். ஸ்கேனுக்கு நாளைக் காலை பத்து மணி. பெரிய வண்டிகள் நிற்கும் என்பதால் கோத்தகிரி வழியே போகலாம் என்றார் டிரைவர். கூடுதல் சிலிண்டர் இரண்டு. பழைய ரிப்போர்ட் எல்லாம் மஞ்சள் பையில்.

ராத்திரி பத்து மணிக்கு மறுபடி மூணே கால் சுற்று, நாலு ராடும். ராத்திரி முழுக்க இறங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

நவம்பர் 8

காலை நாலரைக்கு ஷெட்டைத் திறந்து தொட்டுப் பார்த்தேன். நாலும் விரலுக்குச் சுழல்கின்றன. ஸ்டார்ட் பண்ணவில்லை. அப்பாவோடு வந்து பண்ணிக்கொள்ளலாம்.

குஞ்சப்பனை தாண்டியாயிற்று. மழை இல்லை. அப்பா என் தோளில் தூங்குகிறார். 91.