கியோகுரோவை வடிக்கப் பழகிய ஐந்து வாரங்கள்

ஜப்பானின் உஜியில் விளைந்த 50 கிராம் கியோகுரோ என்ற உயர்தரப் பச்சைத் தேயிலை கைக்கு வந்த அன்றே, கொதிக்கக் கொதிக்க நீரை ஊற்றி முதல் 5 கிராமைக் கெடுத்தேன். நாக்கை இழுத்துப் பிடிக்கும் துவர்ப்பைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. விலையை நினைத்துத்தான் குடித்து முடித்தேன்.

பிழை எங்கே என்று தேடியபோது செடியை வளர்க்கும் முறை புரிந்தது. பறிப்பதற்கு முன் ஏறத்தாழ 20 நாள் தோட்டத்துக்கு மேலே பந்தலிட்டு வெயிலை மறைக்கிறார்கள். வேரில் உருவாகிக் கொழுந்துக்கு ஏறும் தியனைன் என்ற அமினோ அமிலம் வெயில் பட்டால் துவர்ப்புத் தரும் கேட்டசினாக மாறத் தொடங்கும். நிழலில் அது பெருமளவு அப்படியே தங்கிவிடுகிறது. தியனைன் இளஞ்சூட்டு நீரிலேயே இறங்கிவிடும், கேட்டசின் நன்றாக இறங்கவோ சூடு வேண்டும். ஆக, விவசாயி மூன்று வாரம் பாடுபட்டு அடக்கி வைத்த துவர்ப்பைத்தான் நான் முழுதாகக் கறந்திருக்கிறேன்.

அடுத்த முறை நீரின் சூட்டை 70 பாகை செல்சியஸுக்கு இறக்கினேன். கசப்பு குறைந்தது, ஆனால் போகவில்லை. மூன்றாம் வாரம், கொதித்த நீரைக் கோப்பை மாற்றிக் கோப்பை ஊற்றி, மாற்றத்துக்குச் சுமார் 10 பாகை குறைவதை வெப்பமானியால் உறுதிசெய்துகொண்டு, 50 பாகையில் 60 மில்லி மட்டும் ஊற்றி இரண்டு நிமிடம் காத்திருந்தேன். கிடைத்தது நான்கு மிடறுதான். தேநீர் என்றே சொல்ல முடியாத அளவுக்கு அது எண்ணெய்போல் வழுவழுப்பாக இருந்தது. முதலில் கடற்பாசி வாசம், பிறகு மெல்லிய இனிப்பு, விழுங்கிய பின்னும் நெடுநேரம் நாக்கில் படிந்திருந்த ஒரு நிறைவு. 1908-இல் ஜப்பானிய வேதியியலாளர் கிக்குனே இகெதா கொம்பு என்ற கடற்பாசியின் சாற்றிலிருந்து பிரித்தறிந்து உமாமி என்று பெயரிட்ட சுவை இதுதான். நம் அறுசுவைக் கணக்கில் இதற்கு இடம் இல்லை. பருப்பு வெந்த நீரின் ருசியைச் சற்று அருகில் வைக்கலாம்.

ஒப்பிட்டுப் பார்க்க ஜப்பானின் ஷிசுவோக்கா பகுதியில் விளைந்த ஃபுக்காமுஷி செஞ்சா என்ற பச்சைத் தேயிலையையும் வாங்கினேன். வெயிலில் வளர்ந்த கொழுந்தை வழக்கத்தைவிட நெடுநேரம் ஆவியில் வேகவைப்பதால் இலை நொறுங்கிப்போய், வடிநீர் கலங்கலான கரும்பச்சையாக இறங்குகிறது. 70 பாகையில் ஒரு நிமிடத்துக்கும் குறைவாகவே போதும். அதன் துவர்ப்பு எனக்குப் பிடித்திருக்கிறது, நாள்தோறும் குடிக்க அதுவே ஏற்றது. கியோகுரோவை அப்படிக் குடிக்க மனம் வராது, பணமும் வராது.

நான்காம் வாரம், மூன்று முறை வடித்த பின் எஞ்சிய இலையில் சில சொட்டு சோயா சாறு விட்டு உண்டேன். இளங்கீரைபோல் மென்மையாக இருந்தது. நேற்று, கடைசி 5 கிராமின் மேல் பனிக்கட்டிகளை மட்டும் வைத்து அவை தாமாக உருகும்வரை காத்திருந்தேன். துவர்ப்பு துளியும் இல்லை. கோப்பையில் தேங்கியது இரண்டு மிடறு.