பளுவுக்கு முன் மூங்கில் கம்பு

ஜிம்மில் தனிப்பயிற்சிக்குப் பணம் கட்டுவது வீண் என்று நண்பர்கள் பலர் சொன்னார்கள். யூடியூபில் இல்லாத எதையும் பயிற்சியாளர் சொல்லித் தரப்போவதில்லை என்பது அவர்கள் வாதம். அது ஓரளவு உண்மைதான். ஆனால் நாம் செய்வதைப் பக்கவாட்டில் நின்று பார்க்க இன்னொருவரின் கண் வேண்டும் என்பது டெட்லிஃப்ட், அதாவது தரையிலிருந்து பளுவைத் தூக்கி நிமிரும் பயிற்சி, பழகும்போதுதான் புரிகிறது.

எங்கள் ஜிம்மில் எல்லோரும் ‘மாஸ்டர்’ என்று அழைக்கும் என் பயிற்சியாளர், இரும்பைத் தொடவிடுவதற்கு முன் ஒரு மூங்கில் கம்பைக் கொடுத்தார். அதை முதுகுத்தண்டை ஒட்டிப் பிடித்துக்கொண்டு, பின்மண்டை, தோள்பட்டைகளின் நடுப்பகுதி, வால் எலும்பு ஆகிய மூன்று இடங்களிலும் கம்பு பட்டபடியே இடுப்பிலிருந்து முன்னால் சாய வேண்டும். ஓரிடம் விலகினாலும் முதுகோ கழுத்தோ நிலை மாறிவிட்டது என்று பொருள். “குனியாதீங்க சார், இடுப்பைப் பின்னாடி தள்ளுங்க, சுவரைத் தொடணும்” என்று அவர் சொல்லச் சொல்ல, தொடையின் பின்தசை இழுபடுவது தெளிவாகத் தெரிந்தது.

அதன் பிறகே பார்பெல், அதாவது இரு முனைகளிலும் எடைத் தட்டுகள் மாட்டும் இரும்புக் கம்பி, வந்தது. முழு அளவு பார்பெல்லின் எடை 20 கிலோ. போட்டிகளில் பயன்படும் பெரிய தட்டுகளின் விட்டம் 45 சென்டிமீட்டர் என்பதால், அவற்றை மாட்டினால் பார்பெல் தரையிலிருந்து ஏறத்தாழ 22 சென்டிமீட்டர் உயரத்தில் நிற்கும். தொடக்கநிலையில் மாட்டும் 5 கிலோ இரும்புத் தட்டுகள் சிறியவை. பார்பெல் தாழ்ந்துவிடும், முதுகு வளையும். ஆகவே மாஸ்டர் இரு முனைகளின் அடியிலும் ரப்பர் தட்டுகளை அடுக்கி உயர்த்தி வைத்தார். காணொளிகளில் எனக்குக் கிடைக்காத பாடம் இதுதான்.

எடையைக் கூட்டும் கணக்கு எளியது: மூன்று செட்டுகளிலும் (இடைவெளி விட்டுச் செய்யும் சுற்றுகள்) நிலை குலையாமல் 12 முறை செய்ய முடிந்தால், அடுத்த முறை பக்கத்துக்கு 1.25 கிலோ சேர்த்து 8 முறையிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்க இராணுவ மருத்துவமனையில் தாமஸ் டெலார்ம் என்ற மருத்துவர் பளுவைப் படிப்படியாகக் கூட்டிப் பயிற்சியளித்து, 1945இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். இன்றைய செட் கணக்குகளுக்கு அம்முறை முன்னோடி. நடைமுறையில் ஒரு சிக்கல் உண்டு. தோளில் பளுவோடு உட்கார்ந்து எழும் ஸ்குவாட்டில் 50 கிலோ தூக்கினால், இரு பக்கமும் சேர்த்துக் கூடும் 2.5 கிலோ என்பது 5 சதவீதம். பளுவைத் தோளிலிருந்து தலைக்கு மேல் உயர்த்தும் ஷோல்டர் பிரஸ்ஸில் 20 கிலோ தூக்கினால் அதே 2.5 கிலோ 12.5 சதவீதம். அதனால் கால்கள் முன்னேறிய வேகத்தில் தோள்கள் முன்னேறவில்லை. (1.25 கிலோ தட்டுகள் தேடும்போது மட்டும் காணாமல் போவது தனிக் கதை.)

ஸ்குவாட் செய்த மறுநாளைவிட அதற்கடுத்த நாள்தான் தொடைவலி அதிகம். படி ஏறுவதைக் காட்டிலும் இறங்குவது கடினம். தசை நீண்டுகொண்டே பளுவைத் தாங்குவதால் அப்படி. சில வாரங்களில் அது தணிந்துவிட்டது. அளவுநாடாவில் பெரிய மாற்றமில்லாமலே தூக்கும் எடை கூடியது. தொடக்க முன்னேற்றத்தில் பெரும்பங்கு நரம்புகள் தசையை இயக்கப் பழகுவதால் வருவது.

இப்போது டெட்லிஃப்ட் 60 கிலோவில் நிற்கிறது. தனிப்பயிற்சியை வாரம் ஒரு நாளாகக் குறைத்துக்கொண்டு, அந்த நாளை, பெஞ்சில் படுத்துப் பளுவை மார்பிலிருந்து மேலே தள்ளும் பெஞ்ச் பிரஸ்ஸுக்கு ஒதுக்கியிருக்கிறேன்.